வரப்பு மேல் நடந்த யுத்தம்

யுத்தம் வேண்டாம் என்று என் தம்பி ஒரு படம் எடுத்தான். அந்தப் படத்தால் எங்கள் வீட்டில் நடந்த யுத்தம் கொஞ்சநஞ்சமில்லை. வசனம் நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் அக்காவாக வாய்த்திருக்கும்போது வெளியாளைத் தேடுவானேன் என்று அவன் நினைத்திருக்கிறான். எனக்கும், எழுதச் சொல்லி ஒருத்தன் கேட்டானே என்று தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அவன் அதில் பாதியைக் கிழித்துப்போட்டான். மீதிப் பாதிக்குத்தான் போலீஸ் வந்தது.

தம்பிக்குத் தொழில் சினிமா இல்லை. அறுவடைக் காலத்தில் ஆத்தூர் பக்கமிருந்து கதிர் அறுக்கும் மெஷின்களை வரவழைத்து, நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அனுப்பி வைக்கிற ஏஜென்ட். எங்கள் பக்கத்துச் சேற்று வயலில் டயர் மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் சக்கரத்துக்குப் பதிலாகப் பெல்ட் போட்ட மெஷின்தான் வரும். ஒரு குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டு, மெஷின்கள் எல்லாம் ரோட்டோரம் வேலையில்லாமல் வரிசையாக நின்றன. டீக்கடையில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி திடீரென்று, "அக்கா, இது அப்படியே டாங்கி மாதிரி இல்ல?" என்றான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் ஒரு மெஷினின் நெற்றியில் நீளமான பிவிசி குழாயைச் செருகிக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டான். நெல் கொட்டுகிற குழல் ஒரு பக்கமும் பீரங்கி ஒரு பக்கமுமாக அது நின்ற லட்சணத்தைப் பார்த்தால் எந்த எதிரியும் சிரித்தே செத்திருப்பான்.

நடிகர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள்தான். மழையில் வேலை இல்லை, சாப்பாடு போடுகிறேன் என்றதும் வந்துவிட்டார்கள். ஆனால் இரண்டு பட்டாளத்துக்கு ஆள் போதவில்லை. அதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். பச்சைத் துண்டு கட்டினால் நம்ம பட்டாளம், சாம்பல் துண்டு கட்டினால் எதிரிப் பட்டாளம். காலையில் பச்சைத் துண்டோடு சுட்டவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாம்பல் துண்டு கட்டிக்கொண்டு தாங்களே செத்து விழுந்தார்கள். "ஏன்டா, பார்க்கிறவனுக்கு ஒரே மூஞ்சின்னு தெரியாதா?" என்று கேட்டேன். "தெரிஞ்சா தெரியட்டும், அதான்க்கா படமே" என்றான். ஆள் கிடைக்காததை என்னமாய்ச் சமாளிக்கிறான் பாருங்கள்!

படத்தில் அம்மா வேஷம் நடவுக்கார அக்காவுக்கு. எங்கள் ஊரில் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறவர் அவர். இந்தக் கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்று முடிச்சு வீசுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். அந்தக் குரலுக்காகவே தம்பி அவரைப் பிடித்தான். படத்தின் ஆரம்பத்தில் பச்சைப் புடவையில் நம்ம பட்டாளத்துக்குப் போகும் மகனை வழியனுப்புவார். கடைசியில் அதே அக்கா, அதே வாசலில், சாம்பல் புடவையில் எதிரிப் பட்டாளத்துக்குப் போகும் மகனை வழியனுப்புவார். இரண்டு இடத்திலும் ஒரே வசனம். அதை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

'மகனே! நீ ஏந்துவது ஆயுதமல்ல, இந்த மண்ணின் மானம். ஆயினும் உன் கரங்களில் இன்னொரு தாயின் கண்ணீர் படியாதிருக்கட்டும்!'

அதற்கு மகன், 'அன்னையே, வென்று வருவேன்' என்று சொல்லிவிட்டுச் சல்யூட் அடித்துப் போக வேண்டும். இரண்டு மகனுமே ஆத்தூர் மெஷின் டிரைவர் ஒருவர்தான்.

அக்காவுக்கு நான் வசனத்தைப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், இது யாரு பேசுறது?" என்றார்.

"நீங்கதான்க்கா."

"நானா? நான் எப்ப இப்படிப் பேசியிருக்கேன்? எம்மவன் கேட்டான்னா, அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலையான்னு போன் பண்ணுவான்."

எனக்குச் சுருக்கென்றது. "சினிமான்னா இப்படித்தான்க்கா பேசணும்" என்று கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். அவரும் விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் 'ஆயினும்' என்ற சொல் அவர் வாயில் நுழையவே இல்லை. ஒவ்வொரு முறையும் அங்கே வந்து நிற்பார், தம்பி கட் என்பான், டிரைவர் மறுபடியும் முதலிலிருந்து வாசலுக்கு வருவார். மறுபடி மறுபடி எடுத்ததில் அந்த வசனம் தெருவில் நாய்க்குட்டிகள் தவிர எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

அக்காவின் மகன் நிஜமாகவே பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே, எல்லையில். என்னிடம் படித்தவன்தான். கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரிக்கு மேல் எழுத மாட்டான். அந்த நாலு வரியிலும் தப்பு இருக்காது. கோபப்படக்கூட வழி வைக்காத பிள்ளை.

இனி வரப்பு விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் நடுவில் பெரிய சண்டை. இரண்டு பட்டாளமும் வயலில் புகுந்து, பயிரை மிதித்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று பாய வேண்டும். முதல் களை எடுத்துப் பச்சை கட்டிய சம்பாப் பயிர், தம்பியின் சொந்த வயல். படத்துக்காக ஒரு மூலை பாழாய்ப் போகட்டும் என்று துணிந்திருந்தான். மெகாபோனில், "ஆக்ஷன்! ஓடுங்க! வயல்ல எறங்கி ஓடுங்க!" என்று கத்தினான்.

ஒருத்தர்கூட வயலில் இறங்கவில்லை. பச்சைத் துண்டுக்காரர்கள் ஆவேசமாக ஓலமிட்டுக்கொண்டே, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டே, வரப்பு மேல் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக ஓடினார்கள். "அய்யோ, வயல்லய்யா, வயல்ல!" என்று தம்பி அலறினான். முன்னால் ஓடியவர் நின்று திரும்பி, "பயிரு நிக்குதேப்பா" என்றார். "என் பயிருதான்! நான்தான் மிதிக்கச் சொல்றேன்!" என்று இவன் குதிக்க, "உன் பயிரா இருந்தா என்ன, பயிரு பயிருதானே" என்று அவர் பாட்டுக்கு மறுபடி வரப்பில் ஓட ஆரம்பித்தார். அதட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். ஒருவர் மட்டும் போனால் போகிறது என்று இறங்கினார். அவரும் பயிர்க் குத்துக்கும் குத்துக்கும் நடுவில் கால் வைத்து, களை பறிக்கப் போகிற மாதிரி பதவிசாக நடந்தார்.

சாம்பல் துண்டு கட்டி எடுத்தபோதும் அதே கதைதான். இரண்டு பக்கமும் சேர்ந்து வருகிற காட்சிக்கு ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து எதிரெதிரே ஓடவிட்டான். இரண்டு பட்டாளமும் வெறியோடு வந்து ஒரே வரப்பின் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. வரப்போ ஒரு ஆள் நடக்கிற அகலம். என்ன செய்வார்கள்? எதிரிப் பட்டாளத்துத் தளபதி துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருக்களித்து நின்று, "நீங்க போங்க" என்று வழி விட்டார். நம்ம தளபதி, "பாத்து, வழுக்கும்" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டே தாண்டிப் போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. சண்டை போட வந்த இரண்டு பட்டாளமும் ஒன்றையொன்று பத்திரமாகக் கடந்து ஆளுக்கொரு கரையில் போய்ச் சேர்ந்தன. தம்பி மெகாபோனைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் படத்தைத் தொகுத்தபோது அந்தக் காட்சியை அப்படியே வைத்துவிட்டான். வேறு வழி? சண்டைக்காட்சி என்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுபோய் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும்.

மாசி மாதம் அக்காவின் மகன் லீவில் வந்தான். வந்த அன்றே அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"படத்த எப்ப டீச்சர் போடுவீங்க? அவன் கெளம்புறதுக்குள்ள போட்டுடணும்."

"அதுக்கென்னக்கா, தம்பி போன்லயே இருக்கு. போட்டுக் காட்டச் சொல்றேன்."

"போன்ல வேணாம். நண்டு மாதிரி சின்னதா தெரியும். என் மூஞ்சி பெருசா தெரியணும்." முந்தானை ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீங்க எழுதுனது எனக்குப் பாதி புரியல டீச்சர், கோச்சுக்காதீங்க. வாய் அதச் சொல்லுச்சு, மனசு வேற சொல்லுச்சு. அவன் மூஞ்சியப் பாத்தா கண்டுபுடிச்சிடுவான்."

"அத நேர்லயே சொல்லிடலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது? பஸ் ஸ்டாண்டுல பையத் தூக்கிக்கிட்டு நிக்கிற புள்ளகிட்ட அந்தப் பேச்செல்லாம் பேச வாய் வருமா?"

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் வேண்டாத சொல் ஒன்று பேச மாட்டோம். 'போறேன்' என்றுகூடச் சொல்லக் கூடாது, 'வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சாவு, சுடுவது என்றெல்லாம் வாசலில் நின்று எந்தத் தாய் பேசுவாள்? ஒவ்வொரு முறை அவன் கிளம்பும்போதும் சாப்பிட்டியா, டிக்கெட்ட எடுத்து வெச்சுக்கிட்டியா என்பதோடு அவர் பேச்சு நின்றுபோயிருக்கிறது. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை அவனுக்கு ரயில்.

நீடாமங்கலத்தில் ஒரு பாய் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். வளைகுடாவில் பாடுபட்டுச் சம்பாதித்துத் திரும்பி வந்து கட்டியது. நல்ல மனிதர், சினிமாப் பைத்தியம். மண்டபத்தையும், கல்யாண வீடியோ போடுகிற புரொஜெக்டரையும் சும்மாவே தருகிறேன் என்றார். தம்பி சந்தோஷம் தாங்காமல் வரப்புக் காட்சியைக் கொஞ்சம் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டான். அவன் கையை உடைக்க வேண்டும்!

எங்கள் ஊரில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நீடாமங்கலத்தில், நம்ம பட்டாளம் எதிரிக்கு வழி விடுகிறதாமே என்று பேச்சு. ஒரத்தநாடு போய்ச் சேர்வதற்குள் நாட்டையே எதிரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகியிருந்தது. திருப்பனந்தாளிலிருந்து என் கணவரின் அண்ணன் போன் செய்து, "ஏம்மா, நாட்டுக்கு எதிரா வசனம் எழுதியிருக்கியாமே? கவர்ன்மெண்ட் சம்பளம் வாங்குறவ, வேணுமா இது?" என்றார். நாட்டுக்கு எதிராக எழுதும் அளவுக்கு எனக்குத் தமிழ் கூர்மையாக இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பாய் போன் செய்தார். "டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு மண்டபத்துல எங்க சொந்தக்காரங்க கல்யாணம் ஒண்ணு புக் ஆயிருச்சு."

"நோன்பு மாசத்துல எந்தக் கல்யாணம் பாய்?"

பாய் குரலைத் தாழ்த்தி, "மேல இருந்து போன் வந்துச்சும்மா. கடை கண்ணி வெச்சிருக்கிறவன் நான்" என்றார். பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதரிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? போனை மட்டும் டொக்கென்று வைத்தேன்.

சரி, எங்கள் ஊர் நெற்களத்தில் போடுவோம் என்று தம்பி சொன்னான். அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை காலை, யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, தம்பியின் போனிலேயே முழுப் படத்தையும் பார்த்தார். வரப்புக் காட்சியில் மீசைக்குள் சிரித்ததை நான் கவனித்துவிட்டேன். பார்த்து முடித்ததும் முகத்தைச் சீராக்கிக்கொண்டு கேட்டார்.

"இதுல எதிரி யாரு?"

"சாம்பல் துண்டு சார்."

"அது தெரியுது தம்பி. எந்த நாடு?"

"நாடு வைக்கல சார்."

"எதிரி யாருன்னு சொல்லாம என்னய்யா யுத்தம்? பாக்கிறவன் யாரத் திட்டுவான்?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், ஒத்த ஆளு நூறு பேரச் சுட்டுத் தள்ளுற படத்தை டவுன்ல நாலு காட்சி ஓட்டுறாங்க. அதுக்கு யாராவது இப்படி டீ வாங்கிக் கொடுத்து விசாரிச்சீங்களா? யாரும் சண்டை போடாம வழி விட்டுட்டுப் போனா மட்டும் ஊரு கெட்டுப்போயிடுமா?"

"டீச்சர், நான் படத்த நிறுத்தவே இல்லயே!" என்றார் அவர் பதறிப்போய். "தாராளமா போடுங்க. மைக்செட்டுக்கு மட்டும் பர்மிஷன் கெடையாது."

"அம்மன் கோயில்ல விடிய விடிய மைக் அலறுது?"

"அது பாட்டு டீச்சர். பாட்டுக்கு யாரும் புகார் கொடுக்க மாட்டாங்க. இது பேச்சு."

பேசும் படத்தை ஊமைப் படமாக்கிவிட்டு, தடை செய்யவே இல்லை என்று கும்பிட்டு அனுப்பி வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடை என்று சொன்னாலாவது எதிர்த்துக் கத்தலாம். டீயும் கொடுத்து, 'தாராளமா' என்றும் சொல்கிறவரை என்ன செய்வது?

ஊர் திரும்பி அக்காவிடம் சொன்னேன். "சத்தம் வராதுக்கா. படம் மட்டும்தான் தெரியும். மூஞ்சி தெரியும்ல, நீங்க கேட்டது அதானே?" அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் சுண்டிப்போனது எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் களத்தில் நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம். புரொஜெக்டர் மண்டபத்து பாயுடையதுதான். "நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிக் கொடுத்து அனுப்பியவர், நோன்பு திறந்த கையோடு ஒரு வாளி நிறைய நோன்புக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு அவரே எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். இரவுத் தராவீஹ் தொழுகைக்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஊரே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள், சத்தம் வருகிறதா என்று பார்க்க வந்திருந்தார். புரொஜெக்டருக்கு உள்ளேயே இருக்கிற சின்ன ஸ்பீக்கரை நம்பித் தம்பி ஒரு திட்டம் வைத்திருந்தான். கான்ஸ்டபிள் வந்தவுடன் அதைக் கண்டுபிடித்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ரிமோட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கஞ்சி ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்தது. பச்சைப் புடவையில் அக்காவின் முகம் நாலு வேட்டி அகலத்துக்குத் தெரிந்தது. உதடு அசைகிறது. என் வசனம், நான் தூக்கம் கெட்டு எழுதிய வசனம், ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அக்கா எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன். "என்னம்மா சொல்ற அதுல?" என்று அவன் குனிந்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல. டீச்சர் எழுதுனது" என்றார் அக்கா.

திரையில் டிரைவர் சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு காட்சிக்காக இத்தனை நாள் காத்திருந்த மனுஷி தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கு இந்நேரம் அவன் ரயிலில் இருப்பான். எனக்கு அந்த இன்ஸ்பெக்டரை, புகார் கொடுத்தவனை, வாட்ஸ்அப்பைக் கண்டுபிடித்தவனை எல்லோரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

சத்தமில்லாத சண்டைப் படம் போல அறுவையான ஒன்று உலகத்தில் கிடையாது. பீரங்கி வெடிக்கிறது, கம்மென்று இருக்கிறது. செத்து விழுகிறார்கள், கொசு அடிக்கிற சத்தம்தான் கேட்கிறது. சனம் நெளிய ஆரம்பித்தது. அப்போது வரப்புக் காட்சி வந்தது. எதிரித் தளபதி ஒருக்களித்து நின்றார். அவர் வாய் அசைந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த, அந்தத் தளபதியாக நடித்தவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று உரக்க, "நீங்க போங்க!" என்றார்.

களமே கொல்லென்று சிரித்தது. மறு மூலையிலிருந்து நம்ம தளபதி விடவில்லை. "பாத்து, வழுக்கும்!" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எத்தனை தடவை எடுத்திருக்கிறான் தம்பி, எல்லாருக்கும் எல்லாம் மனப்பாடம். திரையில் யார் வாய் அசைகிறதோ அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசினார். செத்தவர்கள் எழுந்து நின்று அலறிவிட்டு உட்கார்ந்தார்கள். டாங்கி வந்தபோது பின்வரிசைப் பெண்கள் சேர்ந்து டுர்ர்ரென்று மெஷின் ஓட்டினார்கள். மண்டபத்து பாய்க்குப் படத்தில் வேஷமே கிடையாது. அவரும் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிளுக்கு போன் வந்தது. இன்ஸ்பெக்டர்தான். ரோடு வரைக்கும் சத்தம் கேட்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மைக்ல இல்லீங்கய்யா... ஸ்பீக்கரும் இல்லீங்கய்யா, ரிமோட்டு என் பையிலதான் இருக்கு... வாயாலயே பேசிக்கிறாங்கய்யா." கொஞ்ச நேரம் கேட்டார். "சரிங்கய்யா" என்று போனை வைத்தார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்று தம்பி பயந்துகொண்டே கேட்டான்.

"வாய்க்குப் பர்மிஷன் வேணுமான்னு பாத்துட்டுச் சொல்றாராம். நீ போடு, சீக்கிரம் முடி."

படம் கடைசிக்கு வந்துவிட்டது. அதே வாசல். அக்காவின் முகம் மறுபடி பெரிதாக வந்தது, இந்த முறை சாம்பல் புடவையில். எதிரிப் பட்டாளத்துக்குப் போகிறவனின் அம்மா. களம் சட்டென்று அடங்கியது. எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் பேச வேண்டிய முறை. நானும்தான். சொல்லுங்கக்கா, 'மகனே, நீ ஏந்துவது ஆயுதமல்ல' என்று உள்ளுக்குள் எடுத்துக்கொடுத்தேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. மகன் பக்கம் திரும்பவும் இல்லை. திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடியே, வயலில் கூப்பிடுகிற அந்தக் குரலில் சொன்னார்.

"மெடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா எனக்கு. நீ முழுசா வந்து சேரு. அந்தப் பக்கம் நிக்கிறவனும் அவன் ஆத்தா கிட்ட போய்ச் சேரட்டும். அவனை ஒண்ணும் பண்ணிடாத. நீயும் செத்துகித்துப் போயிடாதடா. எனக்கு நீ வேணும்."

என் வசனத்தில் ஒரு சொல்கூட அதில் இல்லை. திரையில் அசைந்த உதட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த முகத்துக்கு அதுதான் சரியாகப் பொருந்தியது. மழையில் நின்று மறுபடி மறுபடி எடுத்தோமே, அத்தனை தடவையும் அவர் மனசுக்குள் பேசியது இதைத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கான்ஸ்டபிள் டம்ளரைக் கீழே வைத்தார்.

அடுத்து மகனின் முறை. திரையில் டிரைவர் வாய் அசைத்தார். அவர் மெஷினை ஓட்டிக்கொண்டு ஆத்தூர் திரும்பி எவ்வளவோ நாளாகிறது. 'அன்னையே, வென்று வருவேன்' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அது ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்தான், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை, நாலு வரிக்கு மேல் எழுதாதவன், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வந்துடுறேம்மா" என்றான்.